வலிக்கலைன்னா பிரச்சினை இல்லைன்னு அர்த்தமா? மன்னவனூர் மலைக்குளிரில் சுகர் நோயாளிகளின் பாதங்களுக்கு என்ன ஆகிறது?

மன்னவனூர் என்றதும் ரீல்ஸ் பார்ப்பவர்களுக்கு ஞாபகம் வருவது பச்சைப் புல்வெளி, ஏரி, செம்மறி ஆடுகள். கொடைக்கானலிலிருந்து பூம்பாறை வழியாக சுமார் 35 கிலோமீட்டர் போனால் வரும் ஊர். மத்திய அரசின் செம்மறி ஆட்டு ஆராய்ச்சிப் பண்ணை இங்கேதான் இருக்கிறது. நாம் பேசப்போவது அந்தப் புல்வெளியைப் பற்றி இல்லை. அதைச் சுற்றியிருக்கும் சரிவு நிலங்களில் கேரட், பூண்டு, உருளைக்கிழங்கு எடுக்கிறவர்களின் பாதங்களைப் பற்றி.

ஒரு உதாரணம் வைத்துக்கொள்வோம். அவருக்கு 55 வயது. பத்து வருஷமாக சுகர். மாத்திரையை ஒழுங்காகத்தான் போடுகிறார். பகல் முழுக்க ஈர மண்ணில் வேலை. சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அடுப்புக்கு முன்னால் காலை நீட்டி உட்கார்ந்து குளிர் காய்கிறார். மறுநாள் காலையில் பெருவிரலில் ஒரு கொப்புளம். "எப்ப வந்துச்சுன்னே தெரியல, வலிக்கவும் இல்ல" என்று ஒரு துணியைச் சுற்றிக்கொண்டு மறுபடியும் தோட்டத்துக்குப் போகிறார். பத்து நாள் கழித்துக் கால் வீங்குகிறது, வாடை அடிக்கிறது. அதற்கப்புறம்தான் பஸ் ஏறுகிறார்.

இந்தக் கதையில் ஆபத்தான விஷயம் கொப்புளம் இல்லை. 'வலிக்கல' என்ற அந்த ஒரு வார்த்தைதான். அது ஏன் என்று பார்ப்போம்.

ஏழு பேரில் ஒருவர்

2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர் - இந்தியாப் ஆய்வின்படி நாட்டில் சுமார் 10.1 கோடி பேருக்கு சர்க்கரை நோய் இருக்கிறது. தமிழ்நாட்டில் 20 வயதுக்கு மேற்பட்டவர்களில் 14.4 சதவீதம். அதாவது ஏறக்குறைய ஏழு பேரில் ஒருவர். 'உழைக்கிற உடம்பு, மலைக்காத்து, நமக்கெல்லாம் சுகர் வராது' என்ற நம்பிக்கை மலை ஊர்களில் இன்னும் இருக்கிறது. உழைப்பு உதவும்தான், அதை மறுக்க முடியாது. ஆனால் அது வராமல் தடுத்துவிடும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது.

சர்க்கரை நோய் இருப்பவர்களில் 19 முதல் 34 சதவீதம் பேருக்கு வாழ்நாளில் ஒரு முறையாவது காலில் புண் வரலாம் என்று 2017-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வந்த கட்டுரை கணக்கிட்டது. ஒருமுறை புண் ஆறியவர்களில் சுமார் 40 சதவீதம் பேருக்கு ஒரே வருஷத்துக்குள் மறுபடியும் வருகிறது. விபத்தை விட்டுவிட்டுப் பார்த்தால், சர்க்கரை நோயாளிகளுக்குக் கால் எடுக்கும் ஆபரேஷன்களில் பெரும்பாலானவை இப்படி ஒரு சின்னப் புண்ணில்தான் ஆரம்பிக்கின்றன.

காலுக்குள்ளே என்ன நடக்கிறது?

ரத்தத்தில் சர்க்கரை பல வருஷம் கூடுதலாகவே இருந்தால் நரம்பு முனைகள் கெட ஆரம்பிக்கும். உடம்பிலேயே நீளமான நரம்புகள் காலுக்குப் போகிறவை. அதனால் அடி முதலில் அங்கேதான் விழுகிறது. ஆரம்பத்தில் எரிச்சல், ஊசி குத்துவது போன்ற உணர்வு, ராத்திரியில் மதமதப்பு. அப்புறம் அதுவும் போய்விடும். பலர் இந்தக் கட்டத்தில்தான் 'எரிச்சல் நின்னுடுச்சு, நல்லாயிடுச்சு' என்று சந்தோஷப்படுகிறார்கள். உண்மையில் நரம்பு இன்னும் மோசமாகியிருக்கலாம்.

அதே நரம்புக் கோளாறு வியர்வைச் சுரப்பியையும் பாதிக்கும். தோல் காய்ந்து பித்தவெடிப்பு வரும், அந்த வெடிப்பு வழியாகக் கிருமி போகும். இன்னொரு பக்கம் காலுக்குப் போகும் ரத்தக் குழாய்கள் அடைபடுகின்றன. ரத்தம் போனால்தான் புண் ஆறும், மருந்தும் அந்த இடத்துக்குப் போய்ச் சேரும். பீடி, சிகரெட் பழக்கம் இருந்தால் இந்த அடைப்பு வேகமாக வரும். குளிருக்கு ஒரு பீடி என்பது மலையில் சாதாரணமாகிவிட்டது. சுகர் இருப்பவரின் காலுக்கு அது இரட்டை அடி.

கொல்லிமலையில் பிறந்த டாக்டர் கண்டுபிடித்தது

இந்த 'வலி இல்லாத ஆபத்து' என்ன என்பதை உலகத்துக்குப் புரியவைத்ததில் தமிழ்நாட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. பாடப் புத்தகத்தில்கூட நான் படித்ததில்லை, இந்தக் கட்டுரைக்காகத் தேடியபோதுதான் தெரிந்தது.

டாக்டர் பால் பிராண்ட். 1914-ல் நம்ம கொல்லிமலையில் பிறந்தவர். அப்பா அம்மா இருவரும் அங்கே ஊழியம் செய்த ஆங்கிலேயர்கள். லண்டனில் டாக்டருக்குப் படித்துவிட்டு 1946-ல் வேலூர் சி.எம்.சி மருத்துவமனைக்கு வந்தார். அந்தக் காலத்தில் தொழுநோய் வந்தால் விரல்கள் தானாகவே அழுகி விழும் என்றுதான் மருத்துவ உலகமே நினைத்திருந்தது. பிராண்ட் நோயாளிகளைப் பக்கத்திலிருந்து கவனித்தார். அடுப்புக் கங்கில் விழுந்த கிழங்கை ஒரு பெரியவர் வெறுங்கையை விட்டு எடுத்துக் கொடுத்ததை அவரே எழுதியிருக்கிறார். கை சுட்டது அந்தப் பெரியவருக்குத் தெரியவே இல்லை.

விரல்கள் தானாக அழுகவில்லை. வலி தெரியாததால் சுட்டுக்கொள்கிறார்கள், வெட்டிக்கொள்கிறார்கள், அடிபட்ட காலோடு நடந்துகொண்டே இருக்கிறார்கள். நோய் நரம்பை மரக்கடிக்கிறது. மிச்ச சேதத்தைச் செய்வது கவனிக்கப்படாத காயம். பிராண்டும் அவருடைய சகாக்களும் வந்து சேர்ந்த முடிவு இதுதான். காயத்தைத் தடுத்தால் விரலையும் காலையும் காப்பாற்றலாம்.

அந்த முடிவிலிருந்து பிறந்ததுதான் 'எம்.சி.ஆர் செருப்பு'. நுண்ணிய காற்றறைகள் கொண்ட ரப்பரில் செய்தது. பாதத்தின் எடை ஒரே இடத்தில் அழுத்தாமல் பரவலாக இறங்கும். 1950-களில் வேலூர், கரிகிரி பக்கம் தொழுநோயாளிகளுக்காக உருவான இந்தச் செருப்பைத்தான் இன்று டாக்டர்கள் 'சுகர் செருப்பு' என்று எழுதிக் கொடுக்கிறார்கள்.

1960-களின் நடுவில் பிராண்ட் அமெரிக்காவில் லூசியானா மாநிலத்தின் கார்வில் மருத்துவமனைக்குப் போனார். அங்கே சர்க்கரை நோயாளிகளின் காலைப் பார்த்ததும் அவருக்குப் பழகிய காட்சியாகத் தெரிந்தது. அதே மரத்த பாதம், உள்ளங்காலில் அதே இடங்களில் புண். புண்ணோடு இருக்கும் பாதத்துக்கு மாவுக்கட்டு போட்டு அழுத்தத்தைக் குறைக்கும் முறையை அங்கே சர்க்கரை நோயாளிகளுக்குக் கொண்டுபோனார். இந்த மாவுக்கட்டு முறையும் நம்ம பக்கத்திலிருந்து போனதுதான். 1930-களில் இலங்கையில் டாக்டர் மில்ராய் பால் இதைத் தொழுநோய்ப் புண்ணுக்குப் பயன்படுத்தியிருந்தார்.

இதில் ஒரு குழப்பம் வந்துவிடக் கூடாது. தொழுநோயும் சர்க்கரை நோயும் வேறு வேறு. ஒன்றிலிருந்து இன்னொன்று வராது. இரண்டுக்கும் பொதுவானது பாதம் மரத்துப்போவது மட்டும்தான்.

மலையில் இருப்பவர்களுக்கு ஏன் கூடுதல் கவனம்?

டிசம்பர், ஜனவரி வந்தால் மன்னவனூர், பூம்பாறை பக்கம் உறைபனி கொட்டும். புல்லெல்லாம் வெள்ளையாக நிற்கும் போட்டோக்களை நாமே ஒவ்வொரு வருஷமும் போடுகிறோம். அந்தக் குளிரில் தோலுக்குப் போகும் ரத்த ஓட்டம் இன்னும் குறையும். கால் சில்லென்று இருப்பதால் தீ மூட்டிக் குளிர் காய்வார்கள், கொதிக்கிற வெந்நீரில் காலை விடுவார்கள், வெந்நீர் பாட்டிலைக் காலடியில் வைத்துக்கொண்டு தூங்குவார்கள். நல்ல நரம்பு இருந்தால் 'சுடுது' என்று கால் தானாகப் பின்வாங்கும். மரத்த கால் பின்வாங்காது. தோல் வெந்த பிறகும் கதகதப்பாக இருப்பது போலத்தான் தோன்றும்.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. பருத்தி அல்லது கம்பளி சாக்ஸ் போட்டுக்கொண்டு படுக்கலாம். மேல்பக்க ரப்பர் இறுக்கிப் பிடிக்காததாக இருக்க வேண்டும். குளிர் காயும்போது கையை நீட்டுங்கள், காலை நீட்ட வேண்டாம். வெந்நீரின் சூட்டைக் காலால் பார்க்காமல் முழங்கையால் பாருங்கள். கையும் மரத்திருக்கும் என்ற சந்தேகம் இருந்தால் வீட்டில் சுகர் இல்லாத ஒருவரைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

அடுத்தது ஈரம். தோட்ட வேலையில் கம்பூட் போடுகிறவர்களுக்குக் கல்லும் முள்ளும் குத்தாது, அது நல்லது. ஆனால் நாள் முழுக்க உள்ளே வியர்வையும் தண்ணீரும் தேங்கி, விரல் இடுக்கில் சேற்றுப்புண் வரும். மற்றவர்களுக்கு அது அரிப்பு. சுகர் இருப்பவர்களுக்கு அது கிருமிக்குத் திறந்துவிட்ட கதவு. வேலை முடிந்து வந்ததும் காலைக் கழுவி, விரல் இடுக்குகளைத் துணியால் ஒற்றி எடுங்கள். தேங்காய் எண்ணெயோ வாசலினோ பாதத்துக்கும் குதிகாலுக்கும் தடவலாம், விரல் இடுக்கில் மட்டும் வேண்டாம். கம்பூட்டையோ ஷூவையோ போடுவதற்கு முன்னால் தலைகீழாகத் தட்டி, உள்ளே கையை விட்டுப் பாருங்கள். ஒரு சின்னக் கல் நாள் முழுக்கக் குத்திக்கொண்டே இருந்தாலும் மரத்த காலுக்குத் தெரியாது.

வெறுங்காலோடு பாதயாத்திரை போகலாமா?

பழனி மலையைப் பற்றிப் பேசிவிட்டு இதைத் தாண்டிப் போக முடியாது. தைப்பூசத்துக்கு லட்சக்கணக்கானவர்கள் பழனிக்கு நடந்து போகிறார்கள், நிறைய பேர் செருப்பில்லாமல். சுகர் இருப்பவர்கள் வெறுங்காலோடு தார் ரோட்டில் நடந்தால் உள்ளங்கால் வெந்து கொப்பளிக்கலாம், முள்ளும் கண்ணாடித் துண்டும் ஏறலாம். உள்ளங்கால் பிய்ந்த பிறகுதான் தெரியும். 'வேண்டுதல், என்ன பண்றது' என்று கேட்பது புரிகிறது. என் பெரியப்பாவும் அதையேதான் சொன்னார். உணர்ச்சி குறைந்துவிட்டது என்று டாக்டர் சொன்ன பிறகும் போனார், திரும்பி வந்து இரண்டு மாசம் கட்டோடு உட்கார்ந்திருந்தார்.

கிளம்புவதற்கு முன்னால் பாதத்தில் உணர்ச்சி இருக்கிறதா என்று சோதித்துப் பார்த்துவிடுங்கள். உணர்ச்சி குறைந்திருந்தால் வெறுங்கால் நடை வேண்டாம். சாக்ஸும் பழகிய ஷூவும் போட்டுக்கொண்டு போங்கள். புது ஷூ இன்னும் மோசம், அது முதல் நாளிலேயே கடித்துவிடும். கோயிலுக்குள் மட்டும் கழற்ற வேண்டும் என்றால் சாக்ஸோடு போகலாம், வெயில் ஏறுவதற்கு முன்னால் தரிசனத்தை முடித்துவிடலாம். வழியில் எங்கே உட்கார்ந்தாலும் காலைத் திருப்பிப் பாருங்கள்.

சோதிப்பது எப்படி? கருவி வேண்டாம், ஒரு விரல் போதும்

ஆஸ்பத்திரியில் டாக்டர்கள் 10 கிராம் எடையில் வளையும் ஒரு நைலான் இழையை உள்ளங்காலில் வைத்து அழுத்திப் பார்ப்பார்கள். 'மோனோஃபிலமென்ட்' என்று பெயர். அதிர்வைச் சோதிக்க இசைக்கவையும் வைப்பார்கள். கணுக்கால் பக்கத்தில் நாடித்துடிப்பு இருக்கிறதா என்று விரலால் பார்ப்பார்கள்.

வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு எளிய சோதனையும் இருக்கிறது. இங்கிலாந்தின் இப்ஸ்விச் மருத்துவமனையில் உருவானது. சோதிக்கப்படுகிறவர் கண்ணை மூடிக்கொண்டு படுக்க வேண்டும். வீட்டில் இன்னொருவர் தன் ஆள்காட்டி விரல் நுனியால் ஒவ்வொரு காலிலும் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் ஆகிய மூன்றின் நுனியை லேசாகத் தொட வேண்டும். ஒன்று, இரண்டு நொடிதான். அழுத்தக் கூடாது, தட்டக் கூடாது, தடவக் கூடாது, ஒரே இடத்தை இரண்டாம் முறை தொடக் கூடாது. தொட்டது தெரிந்தால் உடனே வலது கால், இடது கால் என்று சொல்ல வேண்டும். மொத்தம் ஆறு இடம். இரண்டு அல்லது அதற்கு மேல் தெரியவில்லை என்றால் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்க வாய்ப்பு அதிகம், டாக்டரிடம் காட்ட வேண்டும்.

இரண்டு நிமிஷ வேலை. இன்றைக்கு ராத்திரி சாப்பிட்ட பிறகு அப்பாவுக்கோ அம்மாவுக்கோ பாட்டிக்கோ செய்து பாருங்கள். ஆறும் சரியாக வந்தாலும் வருஷத்துக்கு ஒரு முறை ஆஸ்பத்திரியில் பாத பரிசோதனை செய்துகொள்வது நல்லது.

மாத்திரை வீட்டுக்கு வருகிறது, காலைப் பார்ப்பது யார்?

2021 ஆகஸ்ட் 5-ம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கப்பட்டது. சுகர், பி.பி மாத்திரைகளைத் தன்னார்வலர்கள் வீடு தேடி வந்து கொடுக்கும் திட்டம். 2024-ல் இதற்கு ஐ.நா விருதும் கிடைத்தது. ஒரு மாத்திரை அட்டைக்காக ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுப் பஸ் பிடிக்க வேண்டிய ஊர்களுக்கு இது உண்மையிலேயே பெரிய விஷயம்.

ஆனால் இதில் ஒரு இடைவெளியும் இருக்கிறது. முன்பு மாத்திரை வாங்கவாவது மாசம் ஒரு தடவை ஆஸ்பத்திரிக்குப் போவார்கள், டாக்டர் கண்ணில் படுவார்கள். இப்போது மாத்திரை வாசலுக்கே வந்துவிடுவதால் 'டாக்டரைப் பார்த்து ஆறு மாசமாச்சு' என்பது எளிதாக நடந்துவிடும். மாத்திரை சர்க்கரையைக் குறைக்கும். செருப்புக்குள்ளே இருக்கும் புண்ணை அது பார்க்காது.

இதை அரசும் உணராமல் இல்லை. சர்க்கரை நோயாளிகளின் பாதங்களைப் பரிசோதிப்பதற்கென்றே 'பாதம் பாதுகாப்போம்' திட்டம் தஞ்சாவூர் மாவட்டத்தில் முன்னோட்டமாக நடத்தப்பட்டு, மாநிலம் முழுவதும் விரிவுபடுத்துவதாக அறிவிக்கப்பட்டது. ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பாதத்தைச் சோதித்து, ஆபத்து இருப்பவர்களைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதுதான் யோசனை. சரியான யோசனை. கால் எடுக்கும் ஆபரேஷனும் அதற்குப் பிறகு ஒரு குடும்பம் இழக்கும் வருமானமும் ஆகும் செலவோடு ஒப்பிட்டால் நைலான் இழைக்கு ஆகும் செலவு ஒன்றுமே இல்லை.

நீங்கள் செய்ய வேண்டியது ரொம்ப சின்ன விஷயம். அடுத்த தடவை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகும்போது, 'சுகர் செக் பண்ணுங்க' என்பதோடு 'காலையும் பாருங்க' என்று கேளுங்கள். கேட்காமலே செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தாலும் சரி. மாத்திரை கொண்டுவரும் தன்னார்வலர் உங்கள் ஊர்க்காரர்தான், அவரிடம் காலைக் காட்டக் கூச்சப்பட ஒன்றுமில்லை. அவரால் மருந்து போட முடியாது. ஆனால் 'அக்கா, இதை இன்னிக்கே காட்டுங்க' என்று சொல்ல முடியும்.

எப்போது அவசரம்?

மன்னவனூரிலிருந்து கொடைக்கானல் அரசு மருத்துவமனை 35 கிலோமீட்டர் மலைப்பாதை. அங்கேயும் முடியாது என்றால் வத்தலக்குண்டு வழியாகக் கீழே இறங்கி திண்டுக்கல் அல்லது மதுரை. கீழே சமவெளியில் இருப்பவர் மறுநாள் காட்டலாம் என்று தள்ளிப்போட்டால் இழப்பது ஒரு நாள். மேலே இருப்பவருக்கு, கடைசி பஸ் போய்விட்டால், மழையில் பாதை அடைபட்டால், அது இரண்டு நாளாகிவிடும். மரத்த காலில் சீழ் பிடித்த பிறகு இரண்டு நாள் என்பது விரலுக்கும் முழங்காலுக்கும் இடையே உள்ள தூரம்.

அதனால் மலையில் விதி கொஞ்சம் கறாராக இருக்க வேண்டும். சுகர் இருப்பவர் காலில் தோல் கிழிந்த எந்தப் புண்ணாக இருந்தாலும், வலி இல்லாவிட்டாலும், அன்றைக்கோ மறுநாளோ காட்டிவிட வேண்டும். சிவந்து சூடாக இருப்பது, வீக்கம், நீர் அல்லது சீழ் வடிவது, வாடை, விரல் நீலமாகவோ கறுப்பாகவோ மாறுவது, கால் புண்ணோடு காய்ச்சல் - இதில் எது இருந்தாலும் விடியும் வரை காத்திருக்க வேண்டாம், 108-ஐக் கூப்பிடலாம். புண்ணே இல்லாமல் ஒரு பாதம் மட்டும் திடீரென்று வீங்கிச் சூடாக இருந்தால் அதையும் சுளுக்கு என்று நினைத்து எண்ணெய் தேய்த்து நீவ வேண்டாம். நரம்பு மரத்தவர்களுக்கு உள்ளே எலும்பு நொறுங்கும்போதும் இப்படித்தான் இருக்கும். காலை ஊன்றாமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

புண் இருக்கும்போது நடப்பதைக் குறைப்பதுதான் பாதி சிகிச்சை. மருந்து கட்டிக்கொண்டு அதே காலோடு சரிவில் மூட்டை தூக்கினால், ஒவ்வொரு அடியும் ஆறும் சதையை மறுபடி நசுக்கும். தினக்கூலிக்காரர்களிடம் 'ரெஸ்ட் எடுங்க' என்று எழுதிக் கொடுப்பது எவ்வளவு சுலபம் என்பது தெரியும். அதனால்தான் புண் வருவதற்கு முன்னால் பிடிக்க வேண்டும் என்று இவ்வளவு சொல்கிறோம்.

கால் ஆணியை பிளேடால் சீவுவது, மெடிக்கலில் கிடைக்கும் கால் ஆணி பிளாஸ்டரை ஒட்டுவது, புண்ணில் மஞ்சளும் சுண்ணாம்பும் அப்புவது, நகத்தின் ஓரத்தைத் தோண்டி வெட்டுவது - இந்த நான்கும் சுகர் இருப்பவர்கள் வீட்டில் கூடவே கூடாது. நகத்தை நேராக வெட்டுங்கள், ஓரத்தை அரத்தால் தேயுங்கள். செருப்பு வாங்குவதாக இருந்தால் சாயங்காலம் வாங்குங்கள், பகல் முழுக்க நடந்து பாதம் கொஞ்சம் பருத்திருக்கும் நேரம் அது. பின்னால் பட்டை இருக்கிற செருப்பாக இருந்தால் மரத்த காலிலிருந்து கழன்று விழாது.

உள்ளங்காலைக் குனிந்து பார்க்க முடியவில்லை என்று நிறைய பெரியவர்கள் சொல்கிறார்கள். முழங்கால் மடங்காது, கண்ணும் சரியாகத் தெரியாது. வழக்கமாகக் கண்ணாடியைத் தரையில் வைத்துப் பார்க்கச் சொல்வார்கள். அதைவிட எளிது, இதைப் படித்துக்கொண்டிருக்கிற உங்கள் கையில் இருக்கும் போன். ராத்திரி படுக்கும்போது இரண்டு உள்ளங்காலையும் விரல் இடுக்கோடு ஒரு போட்டோ எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். நேற்று இல்லாத சிவப்போ வெடிப்போ இருந்தால் உடனே தெரிந்துவிடும். தேதியும் அதிலேயே பதிவாகியிருக்கும். 'எப்ப வந்துச்சுன்னே தெரியல' என்று டாக்டரிடம் சொல்ல வேண்டி வராது.